செம்பும் தேயிலையும்
(பதுளையில் ஆற்றிய உரை)



தேயிலை விளையும் ஊவா மலையிலே நின்றுகொண்டு செம்புச் சுரங்கத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. சுரங்கத்திலும் சரி, தேயிலைத் தோட்டத்திலும் சரி, போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் செல்லும். போட்ட பின்னர் மலையைச் சுருட்டிக்கொண்டு ஓடவும் இயலாது. ஆகவே முதலிடுகிறவன் மண்ணின் வளத்தோடு, அந்நாட்டு அரசின் வாக்கு எத்தனை காலம் நிற்கும் என்பதையும் எடைபோடுகிறான்.

சாம்பியா 1969இல் தன் செம்புச் சுரங்கங்களில் நூற்றுக்கு 51 பங்கை எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. சிலி 1971இல் பெருஞ் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. தொடக்கம் ஏறக்குறைய ஒன்றே, முடிவு வேறு. சிலியில் 1973இல் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தின் கொடுமையை நாம் மறந்தோமில்லை. எனினும் அவ்வாட்சியும் அச்சுரங்கங்களை விற்கவில்லை. 1976இல் கொடெல்கோ என்னும் அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்நிய முதலீட்டுக்கென 1974இல் இயற்றிய சட்டத்தை, 1990இல் மீண்ட குடியாட்சியும் உடனே கலைக்கவில்லை. அவ்வாண்டிலேயே எஸ்கொண்டிடா என்னும் மாபெருஞ் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கிற்று. சாம்பியாவிலோ 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்தது. சுரங்கங்களைப் புதுப்பிக்கப் பணமில்லை. ஆண்டுக்கு ஏழு இலட்சம் தொன் அளவில் இருந்த உற்பத்தி, 2000ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சம் அளவுக்கு இறங்கிற்று.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1890இல் லிப்டன் வந்து அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் தொழிற்சாலை அமைத்தார். 1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. அந்த 1920களிலேயே புரூக் பாண்ட், ஜேம்ஸ் பின்லே போன்ற கம்பனிகள் கென்யாவிலும் தேயிலை நட்டன. 1963இல் விடுதலை பெற்ற கென்யா, 1964இல் அந்நிய முதலீட்டைக் காக்கும் சட்டத்தை இயற்றிற்று. சிறு தேயிலைக் குடியானவருக்கென ஓர் அதிகார சபையையும் அமைத்தது. அதே 1964இல் கொழும்பு செய்தது என்ன? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது! தேயிலையை நட்டுக் காத்த கைகளையே நாடு கணக்குப் போட்டுப் பங்கிட்டது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. இலண்டன் கம்பனிகளுக்கு நட்டஈடு கிடைத்தது. கொழுந்து பறித்தவளுக்கு என்ன கிடைத்தது? 1983 ஆடியிலே இந்தப் பதுளை நகரம் எரிந்ததைக் கண்டவர்கள் இவ்வவையிலும் இருக்கலாம். 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரம் நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் அவ்வுத்தரவு கைவிடப்பட்டது. வெலிமடை விவசாயிக்கு நாம் அதை விளக்க வேண்டியதில்லை. இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் கென்யா நமக்கு முன்னே நிற்கிறது. கென்யாவைப் புகழ்ந்து பாட நாம் வரவில்லை. 2007ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் கெரிச்சோ தோட்டப் பகுதியிலும் வன்செயல் நடந்தது.

இப்பொழுது கொழும்பிலே எவரும் 'முதலீட்டாளருக்கு உறுதி' என்று பேசுகிறார்கள். பேசட்டும். 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை கொடுக்கப்பட்டது. அது 2045 வரை செல்லும். கம்பனிக்கு 53 ஆண்டு உறுதி. நான்கு தலைமுறையாக லயன் காம்பிராவில் வாழும் குடும்பத்துக்கு எத்தனை ஆண்டு உறுதி? நாளை காலி செய் என்றால் காட்டுவதற்கு அவர்களில் பெரும்பாலோரிடம் ஓர் உறுதிப் பத்திரமும் இல்லை. அத்தகைய மலையிலே தொழிலாளி நிலைப்பானா, இளைஞன் நிலைப்பானா? ஆளின்றிக் காடாகிக் கிடக்கும் தேயிலை நிலங்களைப் பாருங்கள்.

குத்தகை முடியும் வரை காத்திருந்தால், பேசி முடித்த பின்னரே நமக்குச் செய்தி வரும். ஆதலால் வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் அக்குத்தகைப் பத்திரங்களை இன்றே எடுத்துப் படிக்க வேண்டும். எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம், யாரிடம் என்ன பத்திரம் உண்டு என்று ஆசிரியர்களும் விவசாயிகளும் எழுதித் தர வேண்டும். அப்பட்டியலோடு அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.