கீழே விழும் கரண்டி

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு ஒன்றரை வயது. கரண்டியைக் கீழே போடுவாள். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுவாள். போட்டால் விழும், விழுந்தால் சத்தம் வரும், அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்று அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். பேச்சும் அப்படித்தான் வருகிறது. "காக்கா எங்கே?" என்று கேட்டு, அவள் கை நீட்டும்வரை நாம் காத்திருந்தால், அந்தச் சொல் மனதில் பதியும். கைப்பேசிப் படம் அப்படிக் காத்திருக்காது.

2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு ஓடியாட நாளுக்கு 3 மணி நேரமாவது வேண்டும் என்றும் சொன்னது.

இன்று சோறு ஊட்டும்போது கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். பிள்ளையோடு பேசுங்கள்.