லாயக்கற்றவர் யார்?



"இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை" என்று மில்லில் மேஸ்திரி சொல்கிறார். வயலில் காரியக்காரரும் அதையே சொல்கிறார். லாயக்கை அளக்கும் படி யார் கையிலிருக்கிறது?

அமெரிக்காவில் பெத்லஹேம் உருக்காலையில் 1899-ல் டெய்லர் என்ற என்ஜினீயர் இதை 'விஞ்ஞானம்' ஆக்கினார். 92 பவுண்டு இரும்புப் பாளங்களைச் சுமந்து ரயில் வண்டியில் ஏற்றும் வேலை. ஒருவர் நாளொன்றுக்கு ஏற்றியது பன்னிரண்டரை டன். பொறுக்கியெடுத்த ஆளைக் கொண்டு அதை 47 டன்னாக்கியதாக 1911-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர்தான். சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி இரு மடங்குகூட இல்லை! எட்டுப் பேரில் ஒருவரே இதைத் தாங்குவார், புத்தியில் மாட்டை ஒத்தவரே இதற்கு ஏற்றவர் என்றும் எழுதினார். மற்ற ஏழு பேரும் லாயக்கற்றவர்களா? இல்லை, அந்த வேலையளவுதான் மனிதனுக்கு லாயக்கற்றது.

1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவப் பட்டறையின் வார்ப்படத் தொழிலாளர், கடிகாரம் வைத்து வேலையை அளப்பதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். ராணுவப் பட்டறைகளில் அதற்குப் பணம் செலவிடுவதை 1915-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தடுத்தது.

நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்று உழைப்போர்க்கு உட்கார வசதி வேண்டும், உடலுக்குக் கேடான பளுவைத் தூக்கச் செய்யலாகாது என்றது. வயல் வேலைக்கு அந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை.

கைத்திறனும் கண்பார்வையும் பார்த்து வேலை தருவது நியாயமே. ஆனால் ஒரு தோழரை 'லாயக்கில்லை' என்று நிறுத்தினால், சங்கமாய்ச் சேர்ந்து கேளுங்கள்: பளு எவ்வளவு? எத்தனை மணி நேரம்? உட்கார இடமுண்டா? முதலில் வேலையை எடை போடுங்கள். ஆளைப் பிறகு பார்க்கலாம்.