ரோட்டோரத்து மரங்கள் மறைப்பது எதை?

(கல்முனையில் நடந்த சங்கக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மலையில் மரம் வெட்டுவதைப் பற்றிக் கல்முனையில் ஏன் பேச வேண்டும்? உங்கள் வட்டைகளுக்குப் பாயும் பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, எங்கள் மடூல்சீமைப் பக்கத்து மலைகளில்தான் பிறக்கிறது. இங்கினியாகலையில் அதை மறித்துக் கட்டியதே சேனநாயக்க சமுத்திரம். அந்தக் குளத்தின் நீரேந்து பகுதியைக் காக்க 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். ஆறு பிறக்கும் இடமோ பூங்காவுக்கு வெளியே, தோட்டங்கள் பக்கம் இருக்கிறது.

தோட்டங்களில் டர்பன்டைன் மரத்தை விறகுக்கும் பலகைக்குமாக நட்டார்கள். முற்றினால் வெட்டத்தான் வேண்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. வெட்டுவதும் சுமப்பதும் நம் ஆட்களின் கூலி. எப்படி வெட்டுவது என்பதே கேள்வி.

மலையழகு கெடக்கூடாது என்றால், ரோட்டோரம் நாலு வரிசையை விட்டுவிட்டு உள்ளே மொட்டையடிப்பது சுலபமான வழி. வாகனத்தில் போகும் உல்லாசப் பயணிக்குப் பச்சை தெரியும். லயத்து வாசலில் நிற்பவருக்கு மொட்டை மலைதான் தெரியும்.

அமெரிக்க வனச் சேவை 1974இல் இதற்கென்றே ஒரு முறை வகுத்தது. யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அதன்படி வெட்டுவதைத் திட்டமிடும் முறை அது. முகட்டு மரங்களை விடுவது, வெட்டும் எல்லையைச் சதுரமாக்காமல் மலையின் வளைவோடு கொண்டுபோவது, சிறு துண்டுகளாக வெட்டுவது, இவையெல்லாம் நல்லவையே. ஆனால் பார்ப்பவர்களை எண்ணும்போது லயத்து மக்களையும் எண்ண வேண்டும்.

நமக்கு இது அழகோடு முடியும் விஷயமல்ல. வெட்டிய மரம் திரும்பத் தளிர்க்காவிட்டால் வேர் மக்கும், சரிவில் மண்ணின் பிடி தளரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியது. அங்கே மரம் வெட்டியதுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சரிவின் கீழ் வாழ்கிறவர்களிடம் கேட்காமல் சரிவில் கைவைக்கக் கூடாது என்கிறோம். கரைந்த மண் ஆற்றோடு வந்து குளத்தில் படியும். அங்கே உங்கள் தண்ணீரும் குறையும்.

புதுச் சட்டம் கேட்கவில்லை. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. நாம் கேட்பது மூன்று. வெட்டுவதற்கு முன் பிரட்டுக்களத்தில் வரைபடத்தைக் காட்ட வேண்டும். லயத்துக்கு மேலுள்ள செங்குத்துச் சரிவிலும் ஓடைக்கரையிலும் மரத்தை விட வேண்டும். வெட்டிய துண்டில் கன்று பிடித்த பிறகே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும்.

இந்தக் கோரிக்கையில் தோட்டத் தொழிலாளரோடு கல்முனைக் கமக்காரர்களும் கையெழுத்திட வேண்டும். பதுளை, அம்பாறை மாவட்டச் செயலகங்கள் இரண்டுக்கும் சேர்ந்தே அனுப்புவோம்.