பதறுனது யாரு?

(ஆதிச்சநல்லூர்க் கூட்டத்தில் பேசியது)



இந்தப் பறம்புல தாழியத் தோண்டிக் கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க. நான் தோண்ட வந்தது ஒரு சொல்ல: பதற்றம்.

பதட்டம்னும் எழுதுறாங்க. ஏறு, ஏற்றம்; மாறு, மாற்றம்; அப்படிப் பாத்தா பதறு, பதற்றம்தான் முறை என்பார் தமிழாசிரியர். இருக்கட்டும். ற்றவா ட்டவா என்ற சண்டைக்கு இங்க நேரமில்ல. பதறு என்ற வினை எங்கே போனது என்பதே என் கேள்வி.

பதறுதல் என்றால் கைகால் நடுங்கும், நெஞ்சு அடிக்கும், புத்தி அவசரப்படும். 'பதறாத காரியம் சிதறாது' என்பதில் வருவது இந்த அவசரம். எங்க பக்கத்துப் பொம்பளைங்க 'கொல பதறுது'ம்பாங்க. யார் கொல? சொல்றவ கொல. பதற ஓர் உடம்பு வேணும். பத்திரிகையில் வரும் 'பதற்றம் நிலவுகிறது' என்பதற்கு உடம்பே கிடையாது. வெயில் மாதிரி அது தானா நிலவும். அடிச்சவனும் இல்ல, அடிபட்டவனும் இல்ல. 'இரு தரப்பு மோதல், பதற்றம், போலீஸ் குவிப்பு.' தேர்தல் வந்தா 'பதற்றமான வாக்குச்சாவடி'. சாவடியா நடுங்குது?

1995 ஆகஸ்ட் 31. இதே மாவட்டம், அன்று சிதம்பரனார் மாவட்டம் என்று பேர். கொடியன்குளத்துக்குள்ள சுமார் 600 போலீஸ் புகுந்தது. டிவி, தையல் மிசின், டிராக்டர் எல்லாத்தையும் நொறுக்கினார்கள். குடிதண்ணிக் கிணத்தக் கெடுத்தார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போன பையன்களோட பாஸ்போர்ட்டையும், படிச்ச பிள்ளைகளோட சர்டிபிகேட்டையும் போட்டுக் கொளுத்தினார்கள். சனங்க உயிருக்குப் பதறி ஓடினாங்க, அது புரியுது. ஆனா சர்டிபிகேட் யாரையும் வெட்டாதே! ஒரு தலித் வீட்டுப் பெட்டிக்குள்ள அது கெடக்குறதப் பாத்து யாருக்குய்யா பதறிச்சு? அந்தப் பதற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுதினார்களா?

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நெல்லை கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம். இந்தா இந்தப் பக்கம் ஓடுற இதே தாமிரபரணியில 17 பேர் செத்தாங்க, ஒன்றரை வயசுக் குழந்தையும் சேர்த்து. பலர் மூழ்கிச் செத்ததாக விசாரணைக் கமிஷன் சொன்னது. சரி, மூழ்கினாங்க. தண்ணிக்குள்ள எறங்குற அளவுக்குப் பதற அடிச்ச தடி யார் கையில இருந்துச்சு?

மாணவர்களுக்கு ஒரு வேலை. உண்மையறியப் போகும்போது, புகார் எழுதும்போது, 'பதற்றம்' என்று எழுதாதீங்க. எழுதினா 144 போடுவான், இப்போ அதுக்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163ன்னு பேர். ரெண்டு தெருவையும் அடைச்சுட்டுப் போயிடுவான். இன்னார் வந்தான், இத்தன மணிக்கு, இத எடுத்தான், இன்னார் பதறி ஓடினாங்கன்னு எழுதுங்க. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வழக்கு நிக்க அதுதான் வேணும். புகார் எழுதுற முறைய அடுத்துப் பேசுற தோழர் சொல்வார். நோட்டு எடுத்து வச்சுக்கோங்க.