அயலார் தந்த சான்று
(ஆலங்குளத்தில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)

 

“நீங்கள் வடநாட்டிலிருந்து வந்தவர்களா?” என நம் பிள்ளைகளை வினவுவோர் இன்றும் உளர். அதற்கு நாம் விடை கூறுவதினும், நம் சமயத்தைச் சாராத ஒருவர் கூறுவதே வலிமையுடைத்து. அத்தகையவர் சீனநாட்டுப் பௌத்தத் துறவி யுவான் சுவாங்.

புத்தர் பிறந்த மண்ணையும் மூல நூல்களையும் நாடிப் புறப்பட்ட அவர், ஏறத்தாழ கி.பி. 640-இல், நரசிம்மவர்ம பல்லவன் ஆண்ட காஞ்சியை அடைந்தார். அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும், பதினாயிரம் துறவியரையும் குறித்த அவர், நிர்க்கிரந்தர் பலர் வாழ்ந்ததையும் குறித்தார். நிர்க்கிரந்தர் என்போர் பற்றறுத்த நம் திகம்பர முனிவரே.

காஞ்சிக்குத் தெற்கே மலகூடம் என்றொரு நாட்டை அவர் நூல் விவரிக்கிறது. அது நாம் வாழும் இப்பாண்டி நாடே என்பது அறிஞர் பலர் கருத்து. அவர் இங்கு நேரில் வந்திலர்; காஞ்சியில் கேட்டறிந்தே எழுதினார் என்பர். மக்கள் வணிகத்தில் நாட்டமுடையர். பௌத்தப் பள்ளிகள் பல பாழடைந்தன. துறவியர் சிலரே எஞ்சினர். நிர்க்கிரந்தரோ மிகப் பலர் என்பது அவர் குறிப்பு.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. நம் முனிவரை அவர் புறச்சமயத்தார் என்றே கருதினார். ஆயினும் தம் சமயத்தின் தேய்வை மறைத்திலர். பிறர் பெருக்கத்தைக் குறைத்திலர். நாம் போற்றும் வாய்மை நோன்பை மாற்றுச் சமயத்தார் ஒருவரின் எழுதுகோலிலும் காண்கிறோம். பிறர் கூற்றிலும் உண்மை உண்டு எனக் கொள்ளும் அநேகாந்தம் நமக்கு உணர்த்துவதும் இதுவன்றோ?

அவர் எழுதியதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் இந்நாட்டில் சமணம் செழித்திருந்தது. நமக்கு அண்மையிலுள்ள கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அதற்குச் சான்று. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன.

இளையோரே! வழிப்போக்கர் ஒருவர் எழுதிவைத்தமையால் அன்றோ நம் முன்னோரின் வாழ்வு இன்று நமக்குத் தெரிகிறது? நம் ஊர் ஜினாலயங்களையும், பாட்டிமார் நோன்பு நோற்ற முறைகளையும் நாமே எழுதிவையாவிடில் வேறு யார் எழுதுவர்? வரும் விடுமுறையில் கழுகுமலைக்குச் செல்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். குறையிருப்பின் அதனையும் எழுதுங்கள்.

அருகன் திருவடி வாழ்க! அறம் வளர்க!