ஆர்தர் பார்டியின் பெயர் எங்கே?

சர்க்கரையை மாற்றிக் கொடுத்தால் பாக்டீரியா அதற்கேற்ற மரபணுவைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. நம் குடலில் வாழும் ஈ. கோலையிடம், பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதிக்கான மரபணு எப்போதும் இருக்கிறது. வேண்டாத நேரத்தில் அது செயல்படாதபடி அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதன் முதல் தடயம் 1940களின் தொடக்கத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், ஜாக் மோனோவின் கண்ணில் பட்டது. குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த கரைசலில் பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத் தின்று தீர்த்தது. சற்று நேரம் வளர்ச்சி நின்றது. பிறகே லாக்டோஸில் கைவைத்தது. பாடப்புத்தகங்கள் இங்கிருந்து ஒரே தாவலில் நோபல் பரிசுக்குப் போய்விடுகின்றன. இடையில் நடந்ததுதான் கதையே.

1957இல் அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தார் ஆர்தர் பார்டி. மோனோ, பிரான்சுவா ஜாக்கோப் இருவரோடும் சேர்ந்து, இரண்டு வகை பாக்டீரியாவை இணைசேர விட்டார். பெண் வகையில் நொதி மரபணுவும் பழுது, அதைக் கட்டுப்படுத்தும் மரபணுவும் பழுது. ஆண் வகையில் இரண்டுமே நன்றாக இருந்தன. இணைசேரும்போது ஆணிலிருந்து டிஎன்ஏ மட்டுமே உள்ளே போகும். கரைசலில் லாக்டோஸ் துளியும் இல்லை.

ஆனாலும் சில நிமிடங்களிலேயே நொதி உருவாகத் தொடங்கியது! ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, நின்றுபோனது. லாக்டோஸைப் போல நொதி உற்பத்தியைத் தூண்டும் பொருளைச் சேர்த்தால் நிற்காமல் தொடர்ந்தது.

அந்த இடைவெளியில்தான் விடை இருந்தது. புதிதாக நுழைந்த கட்டுப்பாட்டு மரபணு, ஒரு தடுப்பானைச் செய்து சேர்க்க அவ்வளவு நேரம் பிடித்தது. ஆக, சர்க்கரை நொதியைப் படைப்பதில்லை, தடுப்பானை விலக்குகிறது. மோனோ எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறு: கட்டுப்பாட்டு மரபணு பழுதான செல்கள் தமக்குள்ளேயே ஒரு தூண்டியைத் தயாரிக்கின்றன என்பது அவர் கணிப்பு. சோதனை அதைக் கவிழ்த்தது.

1959இல் வெளியான கட்டுரையில் முதல் பெயர் பார்டியுடையது. 1961இல் ஜாக்கோபும் மோனோவும், மரபணுக்கள் இப்படி அடக்கப்படுவதை விளக்கும் ஓபரான் கோட்பாட்டை விரிவாக எழுதினார்கள். 1965இல் நோபல் பரிசு அவர்கள் இருவருக்கும் ஆந்த்ரே ல்வோஃபுக்கும் போனது. வைரஸ் ஆய்வில் ல்வோஃபின் உழைப்பு பெரியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்டியை விட்டதுதான் அநியாயம். தடுப்பான் என்ற எண்ணத்துக்கு உறுதியான அடித்தளம் கொடுத்ததே அவர் கைப்பட்ட சோதனைதானே? அடுத்த ஆண்டே ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அந்தத் தடுப்பானைப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார்கள்.

பார்டி பாரிஸோடு நின்றுவிடவும் இல்லை. பெர்க்லி திரும்பியபின், மாணவி மோனிக்கா ரைலியோடு சேர்ந்து, கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய மரபணுவை அதே முறையில் செல்லுக்குள் அனுப்பினார். பாஸ்பரஸ் சிதைந்து மரபணு உடைய உடைய, நொதி உற்பத்தியும் விழுந்தது. மரபணு ஒருமுறை கட்டளையிட்டுவிட்டு ஒதுங்குவதில்லை, குறைந்த ஆயுள் கொண்ட செய்தியை விடாமல் அனுப்புகிறது என்பதற்கு 1960இல் கிடைத்த வலுவான சான்று அது. தடுப்பூசியின் வழியாக இன்று ஊரெல்லாம் அறிந்திருக்கும் எம்ஆர்என்ஏதான் அந்தச் செய்தி.