கட்டடம் மாறலாம், பள்ளி மாறாது

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய சிறப்புரை)



நான் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன். என் தகப்பனார் இந்தத் தோட்டத்தில்தான் பால் வெட்டினார். இன்று சிங்கப்பூரில் ஆங் மோ கியோவில் குடியிருக்கிறேன். அந்த ஊரும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த இடந்தான். 1973-இல் அங்கே புதுநகர் வேலை தொடங்கியது. இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். ஆகவே, தோட்டம் போய் டவுன் வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் என்னை அழைத்தபோது ஒரு கவலையையும் சொன்னார்கள். தோட்டத்தில் ஆள் குறைந்துவிட்டது, பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள், பள்ளியை டவுன் பக்கம் கொண்டுபோகலாமா என்று பேச்சு நடக்கிறது என்றார்கள். அதைக் கேட்ட ஒரு பாட்டி, "எங்க அப்பா மண்ணு சுமந்து கட்டின பள்ளிக்கூடம். இத விட்டுட்டு எங்கய்யா போறது?" என்று அழுதார்களாம். பாட்டி இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு பள்ளியின் வரலாற்றைத்தான் சொல்ல முடியும்.

சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன் என்று ஓர் ஆண்கள் உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளி. என் மகன் அங்கேதான் படித்தான். எங்கள் வீட்டில் முருகன் படந்தான் மாட்டியிருக்கும். இருந்தாலும் அந்தப் பள்ளி எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும். பள்ளியை நடத்தும் துறவிகளைப் பிள்ளைகள் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். இவர்கள் பாதிரியார்கள் அல்லர். பாடம் சொல்லிக் கொடுப்பதையே தவமாக ஏற்றுக்கொண்ட வாத்தியார்கள்.

இந்தச் சபையைத் தொடங்கியவர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால். 1651-இல் பிரான்சு நாட்டில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். பஞ்சம் வந்த காலத்தில் தம் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தக் காலத்தில் அங்கே வாசிக்கக் கற்பதென்றால் முதலில் லத்தீன் மொழியில்தான் கற்க வேண்டும். அவர் அதை மாற்றினார். பிள்ளை வீட்டில் பேசுகிற பிரெஞ்சு மொழியிலேயே முதலில் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களே, இதை மட்டும் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தாய்மொழியில் தொடங்கினால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள் அல்லவா? முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் அப்படி இல்லை என்று நடத்திக் காட்டிவிட்டார். 1950-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது.

சிங்கப்பூரில் பியூரெல் பாதிரியார் என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பதற்காக, கப்பலேறி ஐரோப்பா போய், பிரதர்களை அழைத்து வந்தார். 1852-இல் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் நம் பினாங்கில் செயின்ட் சேவியர் பள்ளியையும் பிரதர்கள் தொடங்கினார்கள். கோலாலம்பூர் செயின்ட் ஜான்ஸ் 1904-இல் வந்தது. ஈப்போ செயின்ட் மைக்கேல்ஸ் 1912-இல் வந்தது. எல்லாம் ஒரே குடும்பந்தான்.

சிங்கப்பூர்ப் பள்ளி தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பிராஸ் பாசா சாலையில் இருந்த பழைய சிறு கோயிலில் வகுப்பு நடந்தது. புதுக் கட்டடத்துக்கு 1855-இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை முடிந்தது 1867-இல். பன்னிரண்டு வருஷம்! அதுவரைக்கும் 'கட்டடம் முடியட்டும், அப்புறம் படிக்கலாம்' என்று யாரும் காத்திருக்கவில்லை.

பிறகு பள்ளி வளர்ந்தது. நைன் பாதிரியார் வரைபடம் போட்டுக் கொடுக்க, இருபக்கமும் கையை விரித்து அணைப்பதுபோல் வளைந்த கட்டடங்கள் எழும்பின. 1913-இல் முகப்பில் லா சால் அவர்களின் சிலையை வைத்தார்கள். பக்கத்தில் இரண்டு பையன்கள் நிற்கும் சிலை அது. ஜப்பான் சண்டைக் காலத்தில் அந்தக் கட்டடம் செஞ்சிலுவை மருத்துவமனையாகவும் இருந்தது. சண்டை ஓய்ந்ததும் மறுபடியும் மணி அடித்தது.

அப்பேர்ப்பட்ட இடத்தைவிட்டு 1988-இல் பள்ளி மால்கம் சாலைக்கு இடம் மாறியது. 136 வருஷம் இருந்த இடம். பழைய மாணவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1992-இல் பழைய கட்டடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1996-இல் அது கலை அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. கரும்பலகை இருந்த சுவரில் ஓவியம் மாட்டினார்கள்.

பள்ளி செத்துவிட்டதா? இல்லை. புது இடத்திலும் அதே சிலையின் நகல் நிற்கிறது. 'மன்றாடு, உழை' என்ற பொருள்படும் பழைய லத்தீன் வாசகந்தான் இன்றும் பள்ளியின் குறிக்கோள். இன்றும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு உதவுகிறார்கள். 2011 முதல் 2017 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த டாக்டர் டோனி டான் அந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

ஆங் மோ கியோவுக்குப் பக்கத்து ஊரான பீஷானில் கத்தோலிக் ஹை ஸ்கூல் என்று இன்னோர் ஆண்கள் பள்ளி உண்டு. 1935-இல் பெஷெரா பாதிரியார் தொடங்கியது. தொடக்கத்திலேயே சீனம், ஆங்கிலம் இரண்டையும் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவும் குவீன் ஸ்திரீட்டிலிருந்து கிளம்பி, மரீன் பரேட் போய், 1992-இல் பீஷானுக்கு வந்தது. இத்தனை இடம் மாறியும் சீன மொழியைக் கைவிடவில்லை.

இப்போது மனம் கனக்கிற ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி என்று ஒன்று இருந்தது. கடையநல்லூர் முஸ்லிம் சங்கத்தார் 1946-இல் தொடங்கினார்கள். பின்னர் தமிழிலேயே உயர்நிலைப் படிப்புத் தந்த பள்ளி அது. கட்டடம் இருந்தது. நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் பெற்றோர்கள் ஆங்கிலப் பள்ளியை நாடினார்கள். பிள்ளைகள் குறைந்து குறைந்து, 1982-இல் மூடிவிட்டார்கள். அந்தப் பெற்றோர்களில் நானும் ஒருவன்தான். என் மகனை எங்கே சேர்த்தேன் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். அவன் தமிழை ஒரு பாடமாகத்தான் படித்தான். அதனால் உங்களுக்குப் புத்தி சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இழந்தவன் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி, உங்கள் அப்பா மண் சுமந்தது சுவருக்காக அல்ல, உங்களுக்காக. கட்டடம் இல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஒரு பள்ளி நடந்திருக்கிறது. பிள்ளைகள் இல்லாமல் பன்னிரண்டு நாள் நடக்காது. டவுனுக்குப் போனால்தான் பிள்ளைகள் சேருவார்கள் என்றால், போகலாம். பெயர்ப்பலகையையும், வாசல் மணியையும், சுவரில் இருக்கும் பழைய வாத்தியார்களின் படங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆனால் ஒன்று. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற தாயும் தகப்பனும் பிள்ளையை டவுனுக்கு எப்படி அனுப்புவார்கள்? பஸ் இல்லையென்றால் தோட்டத்துப் பிள்ளைதான் முதலில் நின்றுபோகும். ஆகவே, இடத்தைத் தேடும் முன் பஸ்ஸுக்கு வழி தேடுங்கள். முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தால் இது பெரிய காரியம் அல்ல. என் பங்காக மாதம் 100 வெள்ளி தருகிறேன். இங்கே வந்திருக்கும் என் வகுப்புத் தோழர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பேன்!

பிள்ளைகளே, நன்றாகப் படியுங்கள். நாளைக்கு எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்தாலும், "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று யாராவது கேட்டால், இந்தத் தோட்டத்தின் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள்.